பதினேழாவது கேள்வி

மேஜர் தாணுமாலயனுக்கு வீரப் பதக்கம் என்று செய்தி வந்த அன்று எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பதக்கத்துக்கான பரிந்துரைக் குறிப்பில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். 'முன்னறியின் பலனை மதித்து, காலம் பார்த்துத் தாக்கி, இலக்கைக் கைப்பற்றினார்' என்று குறிப்பில் எழுதியிருந்தது. முப்பத்தெட்டுப் பேர் செத்தது எங்கே என்று தேடினேன். கடைசிப் பத்தியில் கிடைத்தது. 'இழப்பு ஏற்கத்தக்க வரம்புக்குள்.' வரம்பு நாற்பது. இரண்டு பேர் குறைவாகச் செத்திருக்கிறார்கள், அதனால் பதக்கம்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

என் பெயர் இசக்கியம்மாள். ஊர் அம்பாசமுத்திரம். படையில் கேப்டன். அந்தப் படைப்பிரிவில் முன்னறியை இயக்குவதும், அது சொல்வதைப் படித்துச் சொல்வதும் என் வேலை. முன்னறி, ஒரு டிரங்குப் பெட்டி அளவே உள்ள இயந்திரம். மலையின் மேடு பள்ளம், காற்று, பனி, எதிரியின் வானொலிப் பேச்சு, நம் வீரர்களின் மணிக்கட்டுப் பட்டையிலிருந்து வரும் நாடித்துடிப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நடக்கப்போகும் சண்டையைத் தனக்குள் லட்சம் தடவை நடத்திப் பார்க்கும். பிறகு நூறுக்கு இவ்வளவு என்று ஓர் எண் சொல்லும். அறுபதும் அதற்கு மேலும் வந்தால் சாதகம். கீழே வந்தால் பாதகம்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு கர்னல் தன் ரோஷத்துக்காக நானூறு பேரை வெள்ளம் ஓடும் ஆற்றில் இறக்கிக் கொன்றார். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. முன்னறி பாதகம் என்று சொன்னால், தலைமையகமே உத்தரவிட்டாலும் களத்தில் இருக்கும் தளபதி தாக்க வேண்டியதில்லை. சாதகம் என்று சொல்லிவிட்டால் அவர் மறுக்க முடியாது. ஒரு நாளில் மூன்று முறை கேட்கலாம். வீரர்களைக் காப்பாற்ற வந்த சட்டம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன்.

வீரர்கள் அந்தப் பெட்டிக்குப் பல்லி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கேலி செய்துகொண்டே அதற்குப் பயப்படுவார்கள். யாரோ அதன் மேல் தினமும் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போவார்கள். முக்கூடல்காரரான ஹவில்தார் மாசானம் மட்டும் கேலியோடு நிறுத்திக்கொண்டார். நாற்பத்துநான்கு வயது. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்து செத்த கதையை, நான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்து ஊர்க்காரர் என்பதால், யாரும் இல்லாதபோது நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

நாங்கள் நின்ற இடம் வடக்கு மலையில், மரமில்லாத ஒரு கற்சரிவு. மேலே முந்நூறு மீட்டர் உயரத்தில், பனியாற்றுத் தண்ணீரை இறைக்கும் நிலையம். அது எதிரியின் கையில் இருந்தது. கீழே நாங்கள் நூற்றுப்பத்துப் பேர். அதைப் பிடிக்க வேண்டும் என்பது உத்தரவு.

முதல் நாள் காலை மேஜர் தாணுமாலயன் பெட்டியின் முன்னால் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார். சுசீந்திரத்துக்காரர். படைக்கு வருமுன் வரலாறு படித்தவர், பயிற்சிக் கல்லூரியில் பழங்காலப் போர்களைப் பற்றி வகுப்பெடுத்தவர். கோயிலில் நிற்பதுபோல் நின்றார். கேள்வியை அழுத்தினேன். இருபத்தொன்று வந்தது. பாதகம்.

தலையாட்டிவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு தன் கூடாரத்துக்குள் போய்விட்டார். மத்தியானம் மறுபடி வந்தார். மறுபடி கேட்கச் சொன்னார். சாயங்காலமும் வந்தார். அடுத்த நாளும் மூன்று முறை. அதற்கடுத்த நாளும் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றுவார், எண்ணைக் கேட்பார், கூடாரத்துக்குப் போவார். பாதகம் என்று ஒரு முறை சொன்னால், மறுபடி கேட்காதவரை அது ஒரு முழு நாளுக்குச் செல்லும். அப்படியிருக்க இந்த மனிதன் எதற்காக இப்படி வந்து வந்து கேட்கிறார்? எனக்கு ஒரு காரணம்தான் தோன்றியது. ஆமாம் என்று வரும்வரை விடமாட்டார்.

மூன்றாம் நாள் மூடுபனி எங்களைச் சுற்றிச் சுவர்போல நின்றது. மேலிருந்து அவர்கள் குத்துமதிப்பாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஒருவனுக்குத் தொடையில் காயம். யாரும் நகரவில்லை. அப்போதுதான் அவர் அந்தப் பழைய கதையைச் சொன்னார். கிரேக்கப் படைகள் சண்டைக்கு முன் ஆட்டை அறுத்து அதன் ஈரலைப் பார்க்குமாம். படையோடு ஒரு நிமித்திகன் கூடவே வருவான். ஈரல் சரியில்லை என்று அவன் சொன்னால் சண்டை கிடையாது. ஒரு தடவை ஸ்பார்ட்டாப் படை எதிரியின் அம்பு மழைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. சகுனம் நன்றாக வரவில்லை. வீரர்கள் கேடயத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே செத்தார்கள். தளபதி ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் சார்?" என்று கேட்டேன்.

"நல்ல சகுனம் வர்ற வரைக்கும்."

"வந்துச்சா, வர வச்சாங்களா?"

நான் எதைக் குத்திக்காட்டுகிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

"அத ரெண்டாயிரத்தைந்நூறு வருஷமா கேட்டுட்டு இருக்காங்க," என்றார். "ஆனா இசக்கி, இன்னொரு படை இருந்துது. கடலோரமா மாட்டிக்கிட்டு, சாப்பாடு இல்லாம, மூணு நாளா சகுனம் சரியில்லன்னு உக்காந்திருந்துது. பசி தாங்காம ஒரு அதிகாரி மட்டும் சகுனத்த மீறி ரெண்டாயிரம் பேரைக் கூட்டிட்டுப் போனான். ஐந்நூறு பேர் திரும்பல. ஈரல் பாக்கறது பொய்தான். ஆனா அந்தப் பொய் தளபதியோட கையைக் கட்டிப் போட்டுது பாருங்க. அதுதான் எனக்குப் பிடிக்கும். அந்த ஆட்டுக்கு அவன் யாருன்னு தெரியாது, அவனோட ஆசை தெரியாது. அதனாலதான் அத நம்பலாம்."

அந்த நாட்டுச் சட்டத்தில் ஒன்று உண்டாம். நிமித்திகன் தளபதிக்குக் கட்டளையிடக் கூடாது, தளபதிதான் நிமித்திகனுக்கு. நாம் அதைத் தலைகீழாக மாற்றிவிட்டோம், அது நல்லதுதான் என்றார். அழகாகப் பேசுகிறார், நாளைக்கும் மூன்று முறை வந்து நிற்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் எண் முப்பத்தொன்பது. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஐம்பத்தைந்து. மூடுபனி எங்களை மறைப்பதால் ஏறுகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலையில் மூடுபனி விலகிவிட்டது. வெயில் அடித்தது. சரிவு முழுவதும் பளிச்சென்று வெண்பனி. அதன் மேல் எது நகர்ந்தாலும் வெள்ளைத் துணியில் மிளகு சிந்தியதுபோலத் தெரியும். எண் இறங்கியிருக்க வேண்டும். ஐம்பத்தெட்டு காட்டியது. மத்தியானம் மேஜர் மறுபடி வந்தார். அது பதினேழாவது முறை. நான் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அறுபத்தொன்று.

வெயில் அடிக்கிறது, எண் ஏறுகிறது, இது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். என் வேலை படிப்பது மட்டும்தான் என்று சட்டம் சொல்கிறது. "அறுபத்தொன்று சார், சாதகம்," என்று படித்தேன்.

மேஜரின் முகம் மாறியது. அதை அன்று மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். அதற்காக அவரை வெறுத்தேன்.

கிளம்புவதற்கு முன் மாசானம் பெட்டியருகே வந்தார். அன்று கதை எதுவும் சொல்லவில்லை. "பல்லி சொன்னதக் கேட்டேன். நீங்க என்ன சொல்லுதீய மேடம்?" என்று கேட்டார்.

"சாதகம்னுதான் வந்திருக்கு அண்ணாச்சி," என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

சண்டை ஒரு மணி ஐம்பது நிமிடம் நடந்தது. நான் கீழே இருந்தேன். நூற்றுப்பத்து நாடித்துடிப்புகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் எழுபத்திரண்டு ஓடின. மேஜர் முன்வரிசையில்தான் ஏறினார். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. நிலையத்தைப் பிடித்தார்கள். நாற்பத்தொன்றாம் நாள் பேச்சுவார்த்தையில் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பரிந்துரைக் குறிப்பில் கையெழுத்துப் போடாமல், நான் ஒரு கேள்வியை எழுதி அனுப்பினேன். வெயில் அடித்தபோது எண் எப்படி ஏறியது? மூன்று வாரம் கழித்து, இயந்திரத்தைச் செய்தவர்களிடமே போய்க் கேட்டுக்கொள்ளும்படி பதில் வந்தது.

அங்கே பார்கவி என்ற பொறியாளர் என்னை உணவகத்துக்குக் கூட்டிப்போய் வெஜிடபிள் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நல்ல மாதிரியான பெண். எதையும் மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. களத்திலிருந்து வந்த பதிவைத் தன் கைக்கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எண் ஏறியதற்குக் காரணம் வானிலை இல்லை என்றார்.

"மேஜர் பதினேழு தடவை கேட்டிருக்காரில்ல? அதான். தளபதியோட உறுதியும் ஒரு கணக்கு. பழைய சண்டையெல்லாம் எடுத்துப் பாத்தா, உறுதியா இருந்தவங்க ஜெயிச்சிருக்காங்க. உறுதியை எப்படி அளக்கறது? எத்தனை தடவை கேக்கறார்னு பாத்தோம். திரும்பத் திரும்பக் கேக்கறவர் தாக்கணும்னு முடிவு பண்ணிட்டவர். ஒவ்வொரு தடவைக்கும் ரெண்டு, மூணு புள்ளி ஏறும்."

"கேக்காமலே இருந்திருந்தா?"

அவர் ஏதோ தட்டிப் பார்த்தார். "முதல் நாள் இருபத்தொண்ணு. வெயில் வந்த அன்னிக்குப் பதினேழு வந்திருக்கும்."

என் தட்டில் இருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை எதற்காகச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். முதலில் சேர்க்காமல்தான் செய்தோம் என்றார் பார்கவி. பத்துக்கு ஒன்பது தடவை அது வேண்டாம் என்றே சொன்னதாம். சோதித்துப் பார்க்க வந்த அதிகாரிகள், போருக்கு உதவாத இயந்திரம் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கையேட்டில் எல்லாம் போட்டிருக்கிறோம் என்றும் சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சத்தம் போட்டிருந்தால் அந்தப் பெண் பயந்திருப்பார். நிறுத்தவும் எனக்குத் தெரிந்திருக்காது. ஆட்டு ஈரலுக்குத் தளபதியைத் தெரியாது. இந்தப் பெட்டிக்கு அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் விரும்பினார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார், அது கொடுத்துவிட்டது. முப்பத்தெட்டுப் பேரை ஒருவர் வேண்டி வேண்டியே கொன்றிருக்கிறார். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று மறுநாளே ரயில் ஏறினேன்.

சுசீந்திரத்தில் அவர் வீட்டு முன்னறையில் உட்காரச் சொன்னார். பதக்க விழாவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன், பாதகம் ஒரு நாள் முழுக்கச் செல்லும் என்று தெரிந்தும் ஏன் சார் பதினேழு தடவை கேட்டீங்க என்று.

அவர் ஆச்சரியப்பட்டார். எனக்கு அது தெரியும் என்று நினைத்திருந்தாராம்.

"தலைமையகத்துல தினம் நெருக்கினாங்க. இன்னைக்கே ஏறு, இன்னைக்கே ஏறுன்னு. ஒரு பாதகம் அனுப்பினா, பெட்டிய சரியாத் தொடைச்சியான்னு கேட்டுச் சிரிப்பாங்க. மூணு அனுப்பினா வாய மூடுவாங்க. ஏற வேண்டாம்னு சொல்ல எனக்கு வேற என்ன இருந்துது? அதுக்காகத்தான் கேட்டேன். பதினாறு தடவை அது எங்கூட நின்னுது, இசக்கி. ஒவ்வொரு தடவையும் தொப்பியக் கழட்டிட்டு வேண்டிக்கிட்டது, இல்லைன்னு வரணும்னுதான்."

"அப்பறம் ஆமான்னு வந்ததும்?"

"இல்லைன்னு சொன்னப்ப எல்லாம் நம்பினேன். ஆமான்னு சொன்னப்ப மட்டும் எப்படி நம்பாம இருக்கறது?"

நான் வந்த காரியம் கையிலிருந்து நழுவிவிட்டது. அவரை வெறுத்துக்கொண்டே ஐந்நூறு மைல் வந்திருந்தேன். இப்போது அந்த வெறுப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் செத்தவர்களுக்கு என் இரக்கம் எதற்கு? சொன்னேன். உறுதி, இரண்டு மூன்று புள்ளி, பதினேழு, நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எல்லாவற்றையும். அவர் ஏற வேண்டாம் என்பதற்காகக் கேட்டது ஒவ்வொன்றையும், ஏறியே தீருவேன் என்கிறார் என்று அது எழுதிக்கொண்டதைச் சொன்னேன்.

காப்பி ஆறி ஆடை கட்டியது. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கடைசியில் மேஜர் எழுந்து, செத்த முப்பத்தெட்டுப் பேர் வீட்டுக்கும் தன் கையாலேயே கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னார். உத்தரவு சரியானது, காலம் பார்த்துத்தான் போனோம் என்று அதில் எழுதியிருக்கிறாராம். அந்தக் கடிதங்களைத் திரும்ப வாங்க வேண்டும் என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு படையில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேஜர் பதக்கத்தை மறுத்தார். அது படைப்பிரிவுக்குப் பொதுவாகக் கொடுக்கப்பட்டது. நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை ஏற்றுக்கொண்டு, ஒரு நாளில் மூன்று முறை கேட்கலாம் என்ற விதியை ஒரு முறை என்று மாற்றினார்கள். புள்ளி ஏறுவதை மாற்றவில்லை. ஆறு நாளுக்குப் பதில் பதினேழு நாள் ஆகும், அவ்வளவுதான். என்னைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். இன்றும் எங்கோ ஒரு மலையடியில் யாரோ ஒருவர் அந்தப் பெட்டியின் முன் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் முதலில் போனது முக்கூடலுக்கு. மாசானத்தின் மனைவி பேச்சிக்கனி டவுன் பஸ் ஓட்டுகிறவர். அன்று அவருக்கு ஓய்வு நாள். சீருடையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களை யாரென்று சொன்னதும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். தான் உட்காரவில்லை.

மேஜர்தான் பேசினார். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினார். சட்டத்தைச் சொன்னார். புள்ளிகளைச் சொன்னார். தான் எதற்காகக் கேட்டோம் என்பதைச் சொன்னார். எங்களை எப்படி ஏமாற்றினார்கள் என்று நானும் இடையிடையே சேர்த்துச் சொன்னேன். என் குரல் உயர்ந்துகொண்டே போனது. பேச்சிக்கனி கொடியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"அன்னைக்கு அங்க வெயில் அடிச்சுதா?" என்று கேட்டார்.

"அடிச்சுது," என்றேன்.

"மேல இருக்கவனுக்கு நம்ம ஆளுக தெரியுத மாதிரி வெளிச்சமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அது உங்க ரெண்டு பேரு கண்ணுக்கும் தெரிஞ்சுச்சா?"

மேஜர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. தெரிந்தது என்று அவர்தான் சொன்னார்.

பேச்சிக்கனி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எம் பஸ்ல கேமரா இருக்கு. குறுக்க ஆளு வந்தா கத்துத டப்பா ஒண்ணு இருக்கு. ஒருநாக் கத்தும், ஒருநாக் கத்தாது. பிரேக்க அமுக்குதது எங் காலு," என்றார். "இத எத்தன வீட்ல சொல்லியிருக்கிய?"

இதுதான் முதல் வீடு என்றேன்.

"அப்ப இன்னும் முப்பத்தேழு வீடு இருக்கு. போங்க. போகத்தான் வேணும். ஆனா அங்க போயி மிஷின்லேருந்து ஆரம்பிக்காதீய. வெயில் அடிச்சுதுல்லா, அதுலேருந்து ஆரம்பிங்க."